விராலிமலையும் தாயுமானவர் கண்ட சமரசமும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரை செல்லும் பெருவழியில், ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில், மயில்கள் உலவும் குன்றாக எழுந்து நிற்பது விராலிமலை. 207 படிகளைக் கடந்து மேலே சென்றால், வள்ளி தெய்வயானை உடனாய சண்முகநாதப் பெருமான் மயில்மீது எழுந்தருளிக் காட்சி தரும் கோலத்தைக் கண்டு இன்புறலாம். வேங்கையைத் துரத்தி வந்த வேடன், அது குரா மரத்தருகே மறையக் கண்டு இவ்விடத்தின் புனிதத்தை உணர்ந்தான் என்பது தலவரலாறு. வயலூரில் வழிபட்டிருந்த அருணகிரிநாதரை முருகப்பெருமான் இம்மலைக்கு அழைத்ததும், வழியறியாது திகைத்தவர்க்கு வேடனாக வந்து வழிகாட்டியதும், இங்கே அவருக்கு அட்டமாசித்திகளை அருளியதும் அடியார்கள் நன்கறிந்தவை. சுருட்டு நிவேதனத்தைப் பற்றிக் கேள்வியுறாதாரும் இலர். இவற்றை மீண்டும் விரித்துரைக்க வேண்டுவதில்லை. இம்மலையோடு தொடர்புடையதாயினும் பலராலும் பேசப்படாத செய்தி ஒன்றனையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தாயுமான அடிகள் இம்மலைக்கு வந்து சிலகாலம் தங்கினார். இங்கு உறைந்த சித்தர்களோடு அளவளாவினார் என்று அவர் வரலாறு எழுதியோர் குறிப்பிடுவர். 'சித்தர் கணம்' என்னும் தலைப்பில் அவர் அருளிய பாடல்கள், வேதாந்தமும் சித்தாந்தமும் சமரசமாகக் கூடிய நிலையை எய்தியவர்களாகச் சித்தர்களைப் போற்றுகின்றன. அந்தச் 'சமரசம்' என்னும் சொல்லே இக்கட்டுரையின் பொருள்.

இன்று நாளிதழ்களில் 'சமரசப் பேச்சு' என்று காண்கிறோம். வழக்காடும் இரு தரப்பாரும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து உடன்படுதல் என்பது அதன் பொருள். வரப்புத் தகராற்றுக்கு அது பொருந்தும், மெய்யறிவுக்குப் பொருந்தாது. சமம், ரசம் என்னும் இரு சொற்களின் கூட்டு அது. ரசம் என்றால் சுவை. ஒத்த சுவை என்பதே சொற்பொருள். சுவை நாவில் உணரப்படுவது. பேச்சுவார்த்தையால் முடிவு செய்யப்படுவதன்று. தாயுமானவர் கையாண்டது இப்பொருளில்தான்.

அவர் இச்சொல்லைத் தேடிக் கண்ட சூழ்நிலையையும் நோக்க வேண்டும். அவர் தந்தையார் கேடிலியப்ப பிள்ளை, திருச்சிராப்பள்ளியைத் தலைநகராகக் கொண்டு 1706 முதல் 1732 வரை ஆண்ட விசயரங்க சொக்கநாத நாயக்கரிடம் அலுவல் பார்த்தவர். மலைக்கோட்டை இறைவன் திருப்பெயரே மகனுக்கு இடப்பட்டது. அந்நகரில் மலைமேல் தாயுமானவர் கோயில். கீழே, பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வந்து அடங்கிய நத்தர் வலியாரின் தர்கா. சுற்றுப்புறச் சிற்றூர்களில் ஏசு சபைத் துறவியரின் பணி. விராலிமலைக்கு அண்மையிலுள்ள ஆவூர் மாதா ஆலயம் 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றிவிட்டது. வீரமாமுனிவர் தேம்பாவணியை இயற்றியது 1726இல். தாயுமானவர் அப்போது அதே சீமையில் வாழ்ந்தவர். போலிக் குருமாரை நகையாடும் 'பரமார்த்த குருவின் கதை'யும் அம்முனிவர் செய்ததே. இக்காலத்தில் அதனை மீண்டும் படிப்பது பலருக்கு நன்மை தரும் என்பது அடியேன் கருத்து.

இன்னும் பின்னே சென்றாலும் இப்பகுதி ஒரே நெறியாருக்கு உரியதாக இருந்ததில்லை. அன்னவாசலுக்கு அருகே சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்க்கு வெட்டப்பட்ட கற்படுக்கைகளும் கி.மு. காலத்துத் தமிழ்ப் பிராமி எழுத்தும் உள்ளன. விராலிமலைக்கு அருகிலுள்ள கொடும்பாளூரில் மூவர்கோயில் எடுத்த பூதி விக்கிரமகேசரி, மல்லிகார்ச்சுனர் என்னும் காளாமுக ஆசாரியருக்குப் பெரிய மடம் ஒன்றை அளித்து, 50 துறவியர்க்கு உணவளிக்க 11 ஊர்களையும் விட்டதாகக் கல்வெட்டு கூறுகிறது. ஆகவே, 'மற்றொரு வழி உண்டோ' என்னும் வினா இம்மண்ணுக்குப் புதியதன்று.

அடியேன் பள்ளியில் தமிழ் கற்பித்த நாளில், தாயுமானவர் பாடம் நடத்துங்கால் ஒரு மாணவன் எழுந்து, "எல்லாச் சமயமும் ஒன்றுதான் என்றால் இத்தனை கோயிலும் பள்ளிவாசலும் மாதாகோயிலும் எதற்கு ஐயா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. ஆனால் வினா சிரிப்புக்குரியதன்று. "எல்லாம் ஒன்றே" என்று எளிதாகச் சொல்லிவிடுவோர் எதனையும் ஊன்றிக் கல்லாதவராகவே பெரும்பாலும் இருக்கக் காண்கிறோம். "எங்களிடம் மட்டுமே உண்மை, பிறரிடம் ஏதுமில்லை" என்பாரும் பிறர் நூலைத் தொட்டதில்லை. இவ்விரு சாராரையும் விலக்கிவிட்டு, ஞானியரின் மறைபொருள் நெறிகள் எங்கே கூடுகின்றன, எங்கே பிரிகின்றன என்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் 'மறை' என்னும் சொல். வேதத்துக்குத் தமிழர் இட்ட பெயர் இது. மறைக்கப்பட்டது என்பது அதன் பொருள். உபநிடதம் என்னும் வடசொல்லோ அருகே அமர்தலைக் குறிப்பது. ஆசிரியனுக்கு அணுக்கமாக இருந்து பெறுவது என்று கொள்வர். தமிழ்ச் சித்தர்கள் தங்கள் கருத்தைப் பரிபாடையில் பொதிந்து வைத்தனர். இதனாலெல்லாம், ஏதோ ஒரு செய்தியைச் சிலர் பூட்டி வைத்துள்ளனர், சாவி கிடைத்தால் போதும் என்ற எண்ணம் மக்களிடம் உண்டாகிறது. அந்த எண்ணத்தை மூலதனமாகக் கொண்டு 'இரகசிய தீட்சை'க்குக் கட்டணம் வாங்குவோரும் பெருகுகின்றனர். பொருளைக் கொடுத்து ஏமாந்தவர் பலர். வெட்கத்தால் வெளியே சொல்லாதவர் அவரினும் பலர்.

மறைக்கப்பட்டது எது என்பதைப் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே காணலாம். மாணிக்கவாசகப் பெருமானைக் குருந்த மரத்தடியில் ஆட்கொண்ட திருப்பெருந்துறை, இன்று ஆவுடையார்கோயில் எனப்படுவது. அங்கே கருவறையில் ஆவுடை உண்டு; அதன்மீது இலிங்கத் திருமேனி இல்லை. இறைவன் பெயர் ஆத்மநாதர். வடித்த புழுங்கலரிசிச் சோற்றைக் கல்மேடையில் பரப்பி, அதினின்று எழும் ஆவியையே நிவேதனமாக்குவர். உருவில்லாத பெருமானுக்கு உருவில்லாத உணவு. தில்லையிலும் சிதம்பர இரகசியம் என்று திரையை விலக்கினால் பொன் வில்வமாலை தொங்குகிறது. அதற்குப் பின் வெளி. காண்பதற்கென்று வந்தவன், காணப்படும் பொருள் ஏதுமின்றி நிற்கிறான்.

இதனை யூதர்தம் பழைய எருசலேம் ஆலயத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தகும். அவ்வாலயத்தின் உள்ளறையைத் திரை மறைத்திருந்தது. தலைமைக் குரு ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் அதனுள் நுழைவார். கி.மு. 63இல் நகரைக் கைப்பற்றிய உரோமானியத் தளபதி பாம்பே, உள்ளே என்ன புதையலோ என்ன சிலையோ என்று நுழைந்தபோது, சிலை ஒன்றும் இன்றி அறை வெறுமையாக இருந்தது என்று உரோமானிய வரலாற்றாசிரியர் எழுதி வைத்தனர். மக்காவின் கஅபாவின் உள்ளும் மூன்று தூண்களும் தொங்கு விளக்குகளுமே உண்டு. வணங்கப்படும் உருவம் ஏதுமில்லை. வடலூரில் இராமலிங்க அடிகள் 1872இல் தொடங்கிய சத்திய ஞானசபையில் ஏழு திரைகள் விலகிய பின் காண்பது ஒளி ஒன்றே.

இவை ஒன்றையொன்று பார்த்துச் செய்யப்பட்டவை என்று சொல்ல எச்சான்றும் இல்லை. காரணங்களும் வேறு வேறு. யூதரும் இஸ்லாமியரும் உருவ வழிபாடு கூடாது என்னும் கட்டளையால் அவ்வாறு வைத்தனர். ஆவுடையார்கோயிலிலோ, உருவ வழிபாட்டை முற்றும் ஏற்ற ஒரு மரபு, அதன் உச்சியில் உருவைக் கடந்து நிற்கிறது. வழிகள் மாறுபடினும், திரைக்குப் பின் உள்ளது செய்தியன்று, சொல்லால் எட்டப்படாத ஒன்று என்பதை நான்கு மரபினரும் கட்டடத்தாலேயே உணர்த்தி வைத்துள்ளனர். மறை என்பதன் பொருளும் அதுவே. ஒருவர் மற்றவரிடமிருந்து ஒளிப்பதன்று. ஒளிக்காமல் விரித்து வைத்தாலும் கண்ணுக்குப் படாதது. அதனைக் கட்டணத்துக்கு விற்பவன் எதை விற்கிறான் என்பதை வாங்குபவர் எண்ணிப் பார்க்கட்டும்.

அடுத்து, பயிற்சி. இங்கே ஒப்புமை இன்னும் நெருங்கியது. சிலவிடத்துக் கொடுக்கல் வாங்கலுக்கே சான்றும் உண்டு. தாயுமானவரின் ஆசிரியர் மௌனகுரு, திருமூலர் மரபில் வந்தவர். ஒன்பது தந்திரங்களாக 3000 பாடல் கொண்ட திருமந்திரம், மூச்சினை நெறிப்படுத்தி மனத்தை ஒடுக்கும் முறையை விரிவாகக் கூறும் நூல் என்பதை அன்பர்கள் அறிவர். கிரேக்க நாட்டு அதோஸ் மலையில் வாழ்ந்த கிறித்தவத் துறவியர், தலையைத் தாழ்த்தி மார்பை நோக்கி அமர்ந்து, ஏசுவின் திருநாமத்தை மூச்சோடு இசைத்துச் செபித்தனர். 14ஆம் நூற்றாண்டில் பர்லாம் என்னும் அறிஞர் இவர்களைத் தொப்புளைப் பார்த்திருப்பவர்கள் என்று எள்ளினார். கிரகோரி பாலமாஸ் என்னும் துறவி அவர்கள் சார்பில் வாதிட்டார். 1341இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய திருச்சபை மன்றம் துறவியர் பக்கமே தீர்ப்பளித்தது. சூபிகளின் திக்ரு என்னும் நாம உருவேற்றமும் மூச்சோடு இயைந்தது. நம் உருத்திராக்க மாலையும் அவர்தம் தஸ்பீகும் கிறித்தவர்தம் செபமாலையும் விரல்களுக்குச் செய்யும் வேலை ஒன்றே.

அதோஸ் மலைத் துறவியர் நம் யோகியரிடம் கற்றனர் என்று துணிய ஆதாரமில்லை. மூச்சும் நெஞ்சும் எல்லா மாந்தர்க்கும் உள்ளமையால் தாமே கண்டுகொண்டார்கள் என்பதே பொருத்தம். ஆனால் சூபிகளின் செய்தி வேறு. 'அமிர்தகுண்டம்' என்னும் யோக நூல் அரபியில் பெயர்க்கப்பட்டது. பின் 16ஆம் நூற்றாண்டில் குவாலியரில் வாழ்ந்த முகம்மது கௌத் என்னும் பெரியார் அதனைப் பாரசீகத்தில் 'பஹ்ருல் ஹயாத்' என்ற பெயரில் ஆக்கினார். ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் அதில் விளக்கப்பட்டுள்ளன. இசைவாணர் தான்சேன் அடக்கம் செய்யப்பட்டிருப்பது இப்பெரியாரின் அடக்கத்தலத்தின் அருகேதான். தமிழ்நாட்டிலும், இராமதேவர் என்னும் சித்தர் மக்கா சென்று இஸ்லாத்தைத் தழுவி யாக்கோபு எனப் பெயர் பெற்றார் என்று சித்தர் மரபு கூறுகிறது. யாக்கோபு பெயரில் மருத்துவ நூல்களும் வழங்குகின்றன. இதனை மரபுச் செய்தி என்ற அளவில் கொள்க. எனினும் இப்படி ஒரு கதையைச் சொல்லவும் போற்றவும் நம் முன்னோர் தயங்கவில்லை என்பது கருதத்தக்கது.

இதற்கு மாறாக, ஏசு பெருமான் இளமையில் இமயமலைப் பகுதிக்கு வந்து பயின்றார் என்று நொட்டோவிச் என்னும் உருசியர் 1894இல் ஒரு நூல் வெளியிட்டார். லடாக்கின் ஹெமிஸ் மடத்தில் ஏடு கண்டதாகவும் எழுதினார். பின்னர் அங்கு சென்று விசாரித்தவரிடம் மடத்துத் தலைவர் அப்படி ஒன்றும் நிகழவில்லை என மறுத்துவிட்டார். ஆயினும் அக்கதை இன்றும் மேடைகளில் உலவுகிறது. பிற சமயத்தாரின் பெருமை எல்லாம் நம்மிடமிருந்து போனதே என்று சொல்வதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி. பொய்யால் வரும் பெருமை நம் நெறிக்கு வேண்டுவதில்லை. மெய்யான கதைகளே வேண்டிய அளவு உள்ளன.

அவற்றுள் தலையாயது தாரா சுக்கோவின் கதை. மொகலாயப் பேரரசர் சாசகானின் மூத்த மகன். சூபி நெறியில் ஆழ்ந்தவர். காசிப் பண்டிதர்களைத் துணைக்கொண்டு ஏறத்தாழ 50 உபநிடதங்களை 1657இல் பாரசீகத்தில் பெயர்த்தார். அதற்கு அவர் இட்ட பெயர் 'சிர்ரே அக்பர்'. பெரிய இரகசியம் என்பது பொருள். நம்மவர் மறை என்றதை அவரும் மறை என்றே பெயர்த்தார் என்பதைக் காண்க. அதற்கு இரண்டாண்டுகட்கு முன், சூபியரின் சொற்களையும் வேதாந்தியரின் சொற்களையும் இணை வைத்து 'இரு கடல்களின் சங்கமம்' என்னும் பொருள்படும் நூலும் எழுதினார். 1659இல், அரியணைப் போரில் தோற்ற நிலையில், சமயத் துரோகி என்ற பழியும் சுமத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். அவர் செய்த பெயர்ப்போ அழியவில்லை. பிரெஞ்சு அறிஞர் ஆங்கெத்தில் துப்பெரோன் அதனை இலத்தீனில் ஆக்கி 1801, 1802ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியிட்டார். செருமானியத் தத்துவ அறிஞர் சோபன்ஹவர் உபநிடதங்களைக் கற்றதும் வாழ்நாள் முழுதும் போற்றியதும் அவ்விலத்தீன் வழியாகத்தான். ஒரு முசுலிம் இளவரசரின் உழைப்பால் நம் மறை மேலைநாடு புகுந்தது.

இனி, கூடுமிடம் பார்த்தாயிற்று. பிரியுமிடத்தையும் பார்க்க வேண்டும். அங்கேதான் தாயுமானவரின் பெருமை விளங்கும்.

இறைவனை அடைந்த உயிர் என்னாகிறது? அவனே ஆகிவிடுகிறதா, அல்லது அவனோடு கூடியும் உயிராகவே நிற்கிறதா? ஏகான்ம வேதாந்தி முன்னதைச் சொல்வார். சைவ சித்தாந்தி பின்னதைச் சொல்வார். சித்தாந்தத்தில் அத்துவிதம் என்பது ஒன்றாதலும் அன்று, இரண்டாதலும் அன்று. இதற்கு உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் காட்டிய எடுத்துக்காட்டு தமிழிலக்கணம் கற்றார்க்குத் தேன். தாள், தலை என்னும் இரு சொற்களைப் புணர்த்தினால் தாடலை என்றாகும். நிலைமொழியின் ளகரமும் காணோம். வருமொழியின் தகரமும் காணோம். இரண்டிடத்தும் இல்லாத டகரம் ஒன்று நிற்கிறது. சொல் ஒன்றாயிற்று. ஆயினும் தாள் என்ற பொருளும் தலை என்ற பொருளும் அழிந்தனவா? இல்லை. இறைவன் தாளும் அடியார் தலையும் கூடும் நிலையை இதைவிடச் சுருங்கச் சொன்னவர் எவர்!

இந்த வழக்கு நம் நாட்டுக்கு மட்டும் உரியதென்று நினைத்தல் வேண்டா. ஸ்பெயின் நாட்டில் 1165இல் பிறந்து 1240இல் தமாஸ்கசில் மறைந்த இப்னு அரபி, உள்ளது ஒன்றே என்னும் கொள்கைக்கு வித்திட்டவராகக் கருதப்படுகிறார். பிற்காலத்தில் இந்தியாவில் வாழ்ந்த சர்கிந்தின் சேக் அகமது (1564-1624) அதனை மறுத்தார். அவன் ஒருவனே காணப்படுகிறான் என்பது ஞானியின் அனுபவம். அதனால் மற்றவை இல்லை என்று ஆகாது. கதிரவன் எழுந்தால் விண்மீன்கள் தோன்றா, ஆனால் அவை அழிந்துவிடுவதில்லை என்றார். சித்தாந்தம் பயின்றோர்க்கு இவ்வுவமை அயலதாகத் தோன்றாது. கிறித்தவரிடையே செருமனியின் எக்கார்ட் என்னும் துறவி, உயிரின் அடித்தளமும் இறையின் அடித்தளமும் ஒன்றே என்னுமளவுக்குப் பேசினார். 1329இல் போப்பாண்டவர் அவர்தம் 28 கூற்றுகளைக் கண்டித்து ஆணையிட்டார். அதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன், 922இல், பாக்தாதில் மன்சூர் ஹல்லாஜ் கொல்லப்பட்டதற்கும், தாமே மெய்ப்பொருள் என்ற பொருள்பட அவர் கூறியது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

இதில் வியப்பது ஒன்று உண்டு. பாக்தாதிலும் செருமனியிலும் சர்கிந்திலும் திருவாவடுதுறையிலும் ஒரே வழக்கு நடந்திருக்கிறது. பொய்யான அனுபவத்தைப் பற்றி இத்தனை நாட்டார் இத்தனை கூர்மையாக, இத்தனை விலை கொடுத்து, ஒரே வினாவை எழுப்பியிருக்க மாட்டார்கள். சமய ஞானியர் உடன்பட்டுப் பேசும் இடத்தைக் காட்டிலும் முரண்பட்டுப் பேசும் இடமே அவர்கள் ஒரே மலையைத் தொட்டவர்கள் என்பதற்கு வலிய சான்று என்று அடியேன் கருதுகிறேன். அம்மாணவனுக்குச் சொன்ன விடையும் ஏறக்குறைய இதுவே.

தாயுமானவர் செய்தது என்ன? வேதாந்தி பாதி விட்டுக்கொடுக்க, சித்தாந்தி பாதி விட்டுக்கொடுக்க என்று அவர் பஞ்சாயத்துப் பேசவில்லை. தம் சித்தாந்த நிலையைக் கைவிடவும் இல்லை. அவர் பாடல்களைக் கற்பார்க்கு இது தெளிவாகும். மௌனகுரு அவருக்கு அறிவுறுத்தியது சும்மா இருத்தல். அருணகிரிநாதருக்கும் முருகப்பெருமான் அருளியது அதுவே என்பதை இம்மலைக்கு வருவோர் நினைவில் வைத்தல் தகும். அந்த மௌனத்தில் நின்று பார்த்தபோது வாதம் செய்வோர் இருவரும் சுவைப்பது ஒன்று எனக் கண்டார். சொல்லும்போது வேறுபடுவதும், சுவைக்கும்போது ஒத்திருப்பதும் அவருக்கு முரணாகத் தோன்றவில்லை. 56 தலைப்புகளில் 1452 பாடல்களை அருளியவர் மௌனத்தைப் போற்றினார் என்றால் நகைப்போரும் உளர். கரும்பைத் தின்றவன்தான் அதன் இனிமையைச் சொல்லி முடியாமல் பேசிக்கொண்டேயிருப்பான்.

விசயரங்க சொக்கநாதர் மறைந்தபின் 1732இல் அரசி மீனாட்சி ஆட்சிக்கு வந்தார். அரசியார் நாட்டையும் செல்வத்தையும் ஒப்புவிக்க முற்பட, அதனை ஏலாது தாயுமானவர் திருச்சியை நீங்கினார் என்பது வரலாறு. விராலிமலைக்கு அவர் வந்தது அப்போதுதான். அதிகாரத்தைத் துறந்து வந்தவரிடம் சித்தர்கள் உரையாடினர் என்பதில் பொருத்தம் உண்டு.

அவர் கண்ட சுவை சைவர் வேலிக்குள் நின்றுவிடவில்லை. தொண்டிக்கு அண்மையில் உள்ள குணங்குடியில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தவர் சுல்தான் அப்துல் காதிர். குணங்குடி மஸ்தான் சாகிபு என்று நாடு போற்றும் சூபி ஞானி இவரே. கீழக்கரையில் தைக்கா சாகிபு என்னும் பெரியாரிடம் மார்க்கக் கல்வி கற்றார். திருமணப் பேச்சு எழுந்தபோது இல்வாழ்வை வேண்டாது வெளியேறினார். 1813இல் திருச்சிராப்பள்ளியில் ஷாம் சாகிபு என்பாரிடம் தீட்சை பெற்றார். தாயுமானவர் நடந்த தெருக்களில் ஏறத்தாழ 80 ஆண்டுகட்குப் பின் இவரும் நடந்தார் என்க. பின் காடும் மலையும் திரிந்து தவமிருந்து, சென்னை இராயபுரத்தில் தங்கி 1838இல் மறைந்தார். தொண்டியார் வாழ்ந்தமையால் தண்டையார்பேட்டைக்கு அப்பெயர் வந்தது என்பாரும் உளர்.

இவர் பாடல்களைப் படிப்போர் எவரும் தாயுமானவரின் ஓசையைக் கேளாமலிரார். தாயுமானவர் 389 கண்ணிகளில் பராபரக்கண்ணி பாடினார். மஸ்தான் சாகிபும் பராபரக்கண்ணி பாடினார். தாயுமானவர் கையாண்ட யாப்பும் விளியும் இவர் கையில் எளிதாக வந்தன. மனோன்மணி என்னும் அம்பிகை பெயரை இறைவனுக்கு ஆக்கி, தலைவியை நாடும் தலைவன் போலக் கண்ணி பாடினார். நந்தீசுவரக் கண்ணியும் அகத்தீசன் சதகமும் பாடித் தமிழ்ச் சித்தர் பரம்பரையை வணங்கினார். கவனிக்க: இவர் தம் மார்க்கத்தை ஓர் அணுவளவும் விட்டவரல்லர். நபிகள் நாயகத்தையும், பாக்தாதில் அடங்கிய காதிரியா நெறித் தலைவர் முகியித்தீன் ஆண்டகையையும் போற்றிப் பாடியவர் அவர். ரகுமான் கண்ணி பாடியவரும் முகியித்தீன் சதகம் பாடியவரும் பராபரக்கண்ணி பாடியவரும் ஒருவரே.

அவரைச் சூழ்ந்திருந்தோரும் ஒரே சமயத்தாரல்லர். சைவத் தமிழ்ப் புலவர் திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். ஐயாசாமி முதலியார் பதிற்றுப்பத்தந்தாதி பாடினார். இலக்கண இலக்கியங்களில் தோய்ந்த சைவர்கள் ஒரு பக்கீரைக் குருவாகக் கொண்டு பிரபந்தம் இயற்றினார்கள். அதனால் அவர்கள் திருநீற்றை அழித்துக்கொள்ளவில்லை. மஸ்தான் சாகிபும் அவர்களை அழிக்கச் சொன்னதில்லை. தாடலையில் தாளும் தலையும் நின்றது போல இரண்டும் நின்றன. சமரசம் என்னும் சொல்லுக்கு அகராதியில் பொருள் தேடுவோர் இந்த நான்மணிமாலையைத் தேடிப் பார்க்கலாம்.

அவ்வழக்கம் முற்றும் நின்றுவிடவில்லை. திருமயத்துக்கு அருகிலுள்ள காட்டுபாவா பள்ளிவாசலுக்கு எல்லாச் சமயத்தாரும் செல்வதை இம்மாவட்டத்தார் அறிவர். செல்வோர் தம் வீட்டுப் பூசையறையை மூடிவிட்டுச் செல்வதில்லை.

விராலிமலையில் வழிபாடு முடித்து, ஒருநாள் ஒழிவும் ஊர்தி வசதியும் உடைய அன்பர்கள், புதுக்கோட்டை வந்து அறந்தாங்கி வழியாக ஆவுடையார்கோயிலை அடையலாம். உச்சிக்காலத்தில் அங்கிருந்தால் அன்னத்தின் ஆவி எழும் நிவேதனத்தைத் தரிசிக்கலாம். அங்கிருந்து மீமிசல் சென்று கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கித் திரும்பினால் தொண்டி, குணங்குடியும் அப்பகுதியிலேயே. அதே சாலை தேவிபட்டினம் வழியாக இராமநாதபுரம் சேர்கிறது. அந்நகரின் இலட்சுமிபுரத்தில் தாயுமான அடிகளின் சமாதிக் கோயில் உள்ளது. தை மாதம் விசாக நாளில் குருபூசை.